பிரசவத்தில் மனைவி உயிர் பிழைத்த பிறகு கணவருக்கு நேர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில்கள் யாருக்காக எழுதப்பட்டவை?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய காவிரிப் படுகைப் பகுதிகளிலும், மனைவியின் பிரசவம் உயிர்ப் போராட்டமாக மாறியதை நேரில் கண்ட கணவர்களுக்காகவும், தொலைவிலிருந்து கேட்டுத் தவித்த கணவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்காகவும் எழுதப்பட்டவை. 2018 முதல் 2020 வரையிலான அரசு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்தனர். இந்திய அளவில் அது 97. இறந்தவர்களின் எண்ணிக்கை குறைந்திருப்பது பெரிய சாதனைதான். ஆனால், இறப்பின் விளிம்புவரை சென்று மீண்டவர்கள் இறந்தவர்களைக் காட்டிலும் பல மடங்கு அதிகம், அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. கர்ப்ப காலத்திலோ, பிரசவத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்த பெண்களை உலக சுகாதார நிறுவனம் தனியே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அந்தப் பெண்களின் கணவர்களை எந்தக் கணக்கிலும் எடுப்பதில்லை.

அறைக்குள் என்ன நடந்தது என்றே எனக்கு இன்றுவரை புரியவில்லை. இவ்வளவு வேகமாக ஒருவர் எப்படி ஆபத்தான நிலைக்குப் போக முடியும்?

இந்தக் கேள்விக்கு முதலில் விடை தெரிய வேண்டும், ஏனெனில் புரியாமல் போன நிகழ்வுதான் மனத்தில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். நிறைமாதக் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் சென்று வருகிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியேறியவுடன் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்த ரத்தக் குழாய்கள் அடைபடும். கருப்பை சுருங்கத் தவறினால், பேசிக்கொண்டிருந்த பெண் சில நிமிடங்களில் மயங்கிச் சரிய முடியும். அப்போது உள்ளே இருக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் கருப்பையை அழுத்திப் பிடிப்பது, ஆக்சிடோசின் செலுத்துவது, ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுப்பது, கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்துவது, ரத்தம் ஏற்றுவது ஆகியவற்றை ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்துகொண்டிருப்பார்கள். எதுவும் பலிக்காதபோது, உயிரைக் காக்கக் கடைசி வழியாகக் கருப்பையை அகற்றுகிறார்கள்.

ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது இன்னொரு வகை. அதற்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, அழுத்தத்தைக் குறைத்து, குழந்தையை விரைவில் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். முன்பு சிசேரியன் ஆன தழும்பின் மீது நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டிக்கொள்வது, கருப்பை கிழிவது, கிருமித் தொற்று ரத்தத்தில் பரவுவது, பனிக்குட நீர் ரத்த ஓட்டத்தில் கலப்பது ஆகியவையும் உயிருக்கு உலை வைக்கக் கூடியவை. இவற்றில் பலவும் நல்ல உடல்நலத்தோடு இருந்த பெண்ணுக்கும், ஒரு பரிசோதனையைக்கூடத் தவறவிடாத பெண்ணுக்கும் வரக்கூடும். முன்பே அழைத்துவந்திருந்தால் தடுத்திருக்கலாமோ என்று உங்களை வருத்தும் எண்ணத்துக்கு, பெரும்பாலான நேரங்களில் மருத்துவ அடிப்படை இல்லை.

வாசலில் நின்ற அந்த நேரத்தில் யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. மனைவி நலமாகத்தான் இருக்கிறாள். இருந்தும் அந்த வாசல் ஏன் என்னை விடமாட்டேன் என்கிறது?

நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாகப் பொதுவாகப் பெண் உறவினர் ஒருவரையே உள்ளே விடுகிறார்கள். ஒரே அறையில் பல பெண்கள் இருக்கும்போது அவர்களுடைய மானத்தைக் காக்க அது தேவையான விதி என்பதை மறுக்க இயலாது. அதன் விளைவாகக் கணவர் நிற்கும் இடம் வெளித் தாழ்வாரம். உள்ளே திடீரென்று காலடிச் சத்தம் கூடுகிறது. செவிலியர் ஒருவர் ஓடிவந்து ரத்தம் ஏற்பாடு செய்யுங்கள் என்கிறார். வேறொருவர் தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். சிறிய மருத்துவமனை என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள் என்கிறார்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்தோ முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்தோ திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் 108 வண்டி பறக்கிறது. மாமியார் வண்டிக்குள் ஏறிக்கொள்ள, கணவர் யாருடைய இருசக்கர வாகனத்திலாவது பின்னாலேயே போகிறார். முன்னால் செல்லும் அந்த வண்டிக்குள் உயிர் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது.

பிரிட்டனில் இப்படி உயிர் பிழைத்த பெண்களின் இணையர்களிடம் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பேட்டி எடுத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், செய்வதறியாமல் நின்றதும், ஒதுக்கப்பட்டதும், தகவல் கிடைக்காமல் தவித்ததும் அவர்கள் பேச்சில் ஓங்கி ஒலித்தன. அந்த நாட்டில் கணவர் பிரசவ அறைக்குள்ளேயே இருப்பது வழக்கம். அவசரம் வந்தவுடன் அவரை வெளியேற்றிவிடுகிறார்கள், அல்லது ஓரத்தில் மறந்துவிடுகிறார்கள். உள்ளே நின்றவருக்கும் வெளியே நின்றவருக்கும் ஒரே குறை என்பதைக் கவனிக்க வேண்டும். என் உறுதியான கருத்து இது: கணவரைப் பின்னாளில் உலுக்குவதில் பெரும் பங்கு, அவர் கண்ட ரத்தத்தைவிட, அவருக்குச் சொல்லப்படாத செய்திக்கே உண்டு. உங்கள் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, நாங்கள் இன்னதைச் செய்துகொண்டிருக்கிறோம், அரை மணி நேரத்தில் மறுபடியும் வந்து சொல்கிறேன் என்று ஒருவர் வந்து சொல்லியிருந்தால், அந்தத் தாழ்வாரம் அவருக்கு வேறாக இருந்திருக்கும். உள்ளே எல்லாக் கைகளும் ஓர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இது எளிதல்ல. எனினும், வெளியே பேசுவதற்கென்று ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குவது எந்த மருத்துவமனைக்கும் எட்டாத செயலும் அல்ல.

“பெரிய உயிரா, சின்ன உயிரா” என்று என்னிடம் கேட்டதாக நினைவு. நான் போட்ட கையெழுத்துதான் எல்லாவற்றுக்கும் காரணமோ?

இல்லை. தாயின் உயிரைக் காப்பதே மருத்துவத்தின் முதல் கடமை; எந்த உயிர் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கணவர் தலையில் சுமத்தும் நடைமுறை மருத்துவ அறத்தில் கிடையாது. நெருக்கடியில் யாரேனும் அப்படிக் கேட்டிருந்தாலும், முடிவு உங்கள் விடையால் ஏற்பட்டதல்ல. சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் உரிமை நோயாளியாகிய பெண்ணுக்கே உரியது என்றும், அவர் ஒப்புதல் தர முடியாத நிலையில் இருந்து, காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவர் ஒப்புதலின்றியே தேவையானதைச் செய்யலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு கருப்பை அகற்றல் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் கையெழுத்து இல்லாவிட்டாலும் அந்த அறுவை நடந்திருக்கும், நடந்திருக்கவும் வேண்டும். குழந்தையை இழந்த கணவர்கள் பலர் இந்தக் கையெழுத்தை ஒரு குற்றப் பத்திரிகையைப் போல் ஆண்டுக்கணக்கில் மனத்துக்குள் சுமக்கிறார்கள். அதை இறக்கி வைக்க வேண்டும்.

பிரசவம் அவளுடைய தாய்வீட்டில். நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். போனில்தான் எல்லாம் தெரிந்தது. நேரில் பார்க்காத எனக்கும் பாதிப்பு வருமா?

வரும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வட்டாரங்களில் கணவர்கள் பலர் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ, அருகே என்றால் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். தொலைவில் இருப்பவரிடம் குடும்பத்தினர் முழுவதையும் சொல்வதில்லை. கவலைப்படுவார், விமானம் ஏறிவிடுவார், வேலை போய்விடும் என்று மறைக்கிறார்கள். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்ற ஒற்றை வரி வருகிறது. சொல்லப்படாத பகுதியைக் கற்பனை நிரப்பிக்கொள்ளும். அந்தக் கற்பனை பெரும்பாலும் நடந்ததைவிடக் கொடியதாக இருக்கும். இரவில் போன் ஒலித்தால் நெஞ்சு படபடப்பது, ஒரு முறை எடுக்காவிட்டால் பத்து முறை அழைப்பது, குழந்தையைப் படத்தில் பார்த்தும் மகிழ்ச்சி வராதது ஆகியவை இவர்களிடம் காணப்படுபவை. அருகில் இல்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. ஊருக்கு வந்தவுடன், உடன் இருந்தவரை உட்காரவைத்து நடந்ததை முதலிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் மருந்து. குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: மறைக்காதீர்கள். அளவோடு சொல்லுங்கள், ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்.

எது இயல்பான அதிர்ச்சி, எது சிகிச்சை தேவைப்படும் நோய்?

முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும், திடுக்கிட்டு விழிப்பதும், அந்தக் காட்சிகள் கண்முன் வருவதும், காரணமின்றி அழுகை வருவதும், மரத்துப்போனது போல் இருப்பதும் பலருக்கும் வரும். பெரும்பாலோருக்குத் தாமாகவே தணியும். ஒரு மாதம் கடந்த பிறகும் அவை குறையாமல் இருந்து, வேலையையும் உறவையும் குலைத்தால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமக்கு நேர்ந்த ஆபத்தால் மட்டுமல்ல, பிறருக்கு உயிராபத்து நேர்வதை நேரில் கண்டாலும் அந்த நோய் வரலாம் என்பதை மனநல மருத்துவத்தின் நோயறி விதிகளே ஏற்கின்றன. அதன் அடையாளங்கள் ஏறக்குறைய நான்கு திசைகளில் தெரியும். நடந்தது மறுபடி நடப்பதுபோல் தோன்றும். அதை நினைவூட்டும் எதையும், அந்த மருத்துவமனைச் சாலையையோ டெட்டால் வாடையையோ கூட, மனம் தவிர்க்கும். எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து உடல் விறைத்தே இருக்கும். தன் மீதும் உலகத்தின் மீதும் கசப்பு கூடும்.

மனச்சோர்வு நோய் வேறு வழியில் வரும். புதிதாகத் தந்தையானவர்களில் ஏறக்குறைய 10 சதவீதத்தினர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்றும், குழந்தை பிறந்த 3 முதல் 6 மாதங்களில் அது உச்சத்தில் இருக்கிறது என்றும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது எல்லாத் தந்தையரையும் பற்றிய கணக்கு. சாவு வாசல்வரை வந்துபோன வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. நம் ஊர் வழக்கத்தோடு இதைப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மனைவியும் குழந்தையும் மூன்று மாதமோ ஐந்து மாதமோ தாய்வீட்டிலேயே இருப்பார்கள். கணவர் தன் வீட்டில் தனியாக இருந்து, வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துத் திரும்புகிறார். அவர் உண்கிறாரா உறங்குகிறாரா என்று பார்க்க ஆளில்லாத அதே மாதங்களில்தான் நோயும் முற்றுகிறது. ஆண்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் கண்ணீராக வெளிப்படாது. எரிச்சல், சிடுசிடுப்பு, ஓயாத வேலை, வயல்வெளியிலோ கடையிலோ நேரம் கடத்துதல், வண்டியைத் தாறுமாறாக ஓட்டுதல், தலைவலி, வயிற்றெரிச்சல் என்று மாறுவேடத்தில் வரும்.

சாவைத் தொட்டு வந்தவள் என் மனைவி. நான் எனக்கென்று வருந்துவது சுயநலம் இல்லையா?

இல்லை. வலியும் தழும்பும் அவருடையவை. முதல் கவனமும் முதல் சிகிச்சையும் அவருக்கே என்பதில் ஐயம் இல்லை. ஆனால், தாயின் மனச்சோர்வும் தந்தையின் மனச்சோர்வும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன என்பதை மேலே சொன்ன அதே தொகுப்பாய்வு காட்டியது. பிறந்து எட்டு வாரத்தில் தந்தை மனச்சோர்வில் இருந்த வீடுகளில், மூன்றரை வயதில் குழந்தைகளிடம், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம், நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டதாகப் பிரிட்டனில் 2005-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கூறியது. உங்கள் நோய்க்கு மருத்துவம் பார்ப்பது உங்கள் மனைவியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்வதாகாது.

குழந்தையைத் தூக்கவே மனம் வரவில்லை. “இவன் பிறந்த நேரம்” என்று உறவினர்கள் வேறு பேசுகிறார்கள்.

அவளைக் கொல்லப் பார்த்தது இந்தப் பிறப்புதானே என்ற எண்ணம் ஒரு நொடி வந்து போவது, நீங்கள் கெட்ட தகப்பன் என்பதற்கு அடையாளம் அல்ல. அந்த எண்ணம் நிலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறந்த நேரம் சரியில்லை, ராசி சரியில்லை என்று சொல்பவர்களின் வாயை அடைக்கும் கடமை தந்தைக்கே உரியது. அவர் அமைதியாக இருந்தால் அந்தப் பேச்சு பிள்ளையோடு சேர்ந்து வளரும். ரத்தப்போக்குக்குக் காரணம் சுருங்காத கருப்பை. வலிப்புக்குக் காரணம் ரத்த அழுத்தம். நாளுக்கும் நட்சத்திரத்துக்கும் அதில் வேலை இல்லை.

பற்று தானாக வரும்வரை காத்திருக்காமல், குழந்தையின் ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டிய பிறகு துடைப்பதாக இருக்கலாம், பால் குடித்த பிறகு தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பதாக இருக்கலாம். எடை குறைந்த குழந்தை பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தால், சட்டையைக் கழற்றி மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைத் தந்தையும் செய்யலாம். தாய் தீவிர சிகிச்சையில் இருக்கும் நாட்களில் அது குழந்தைக்கு மிகவும் தேவையானதும்கூட. அந்தப் பிரிவின் செவிலியரிடம் அனுமதி கேளுங்கள்.

அவளுக்கு அந்த நாள் நினைவே இல்லை. நான் பார்த்ததை அவளிடம் சொல்லலாமா?

மயக்க மருந்திலும் வலிப்பிலும் ரத்த இழப்பிலும் பெண்களுக்குப் பல மணி நேரமோ சில நாட்களோ நினைவிலிருந்து அழிந்துவிடலாம். அந்த நேரத்தின் ஒரே சாட்சி பெரும்பாலும் கணவர்தான். அவளுக்கு நடந்தது அவளுக்கே தெரியாமல் இருக்க, அதை முழுவதும் இவர் ஒருவரே சுமக்கிறார். அவளை வருத்த வேண்டாம் என்று இவர் பேசுவதில்லை. இவர் பேசாததைக் கண்டு, தன் உடல் மீது வெறுப்போ என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். இரண்டு நல்ல மனங்கள் இப்படி ஒன்றையொன்று காப்பாற்றுவதாக எண்ணி விலகிப் போவதை இந்த வீடுகளில் காண்பது வருத்தத்துக்குரியது.

சொல்லலாம். ஆனால் அவர் கேட்கும்போது, அவர் கேட்கும் அளவுக்கு. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். நீங்கள் பயந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அழுதேன் என்று ஒரு கணவர் சொல்வதைக் கேட்பது பல மனைவியருக்கு ஆறுதலாகவே இருக்கும். தாய்வீட்டில் ஆட்கள் நிறைந்த கூடத்தில் இது நடக்காது. இருவருக்கும் ஒரு மணி நேரத் தனிமையைப் பெரியவர்கள்தாம் ஏற்படுத்தித் தர வேண்டும்.

மருத்துவமனையில் பின்னர் போய் என்ன கேட்கலாம்?

டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தொலைந்திருந்தால் நகல் கேளுங்கள். சிக்கலின் பெயர், ஏற்றிய ரத்தத்தின் அளவு, செய்த அறுவை ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள், அடுத்த முறை எந்த மருத்துவர் பார்த்தாலும் அவை தேவைப்படும். ஆறாம் வாரப் பரிசோதனைக்கு மனைவியோடு நீங்களும் போய், என்ன நடந்தது, ஏன் நடந்தது, மறுபடி நடக்குமா என்ற மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு கேளுங்கள். நெரிசல் மிகுந்த வெளிநோயாளிப் பிரிவில் நேரம் கிடைக்காவிட்டால், வேறொரு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு கேளுங்கள். குற்றம் காண வந்தவராக அல்லாமல், தெரிந்துகொள்ள வந்தவராகக் கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் விளக்கவே செய்வார்கள். அந்த அறையில் அன்று நின்றவர்களுக்கும் அது எளிய நாளாக இருந்திருக்காது.

அவளை நெருங்கவே பயமாக இருக்கிறது. மறுபடி கருத்தரித்துவிடுமோ என்ற அச்சம்.

இந்த அச்சம் மிகப் பரவலானது, மிகக் குறைவாகப் பேசப்படுவது. உடல் ஆறியதா என்பதை மருத்துவர் சொல்லட்டும்; அதற்குப் பிறகும் இருவருடைய மனமும் இசையும்வரை காத்திருப்பதில் தவறில்லை. அச்சத்தின் வேர் அடுத்த கர்ப்பம் என்றால், அதை நம்பகமான கருத்தடையால் நீக்கலாம். இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தால், ஏற்கெனவே அவ்வளவு பட்ட உடலை மறுபடி அறுவைக்கு அனுப்புவதைவிட, கணவர் தழும்பில்லாக் கருத்தடை அறுவையைச் செய்துகொள்வதே முறை என்பது என் எண்ணம். அது சில நிமிடங்களில் முடியும் சிறிய சிகிச்சை. ஆண்மைக்கோ உழைக்கும் வலுவுக்கோ எந்தக் குறையும் வராது. அதன் பிறகு சுமார் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உறுதியாகும்வரை வேறு தடுப்பு முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்றால், கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஒரு முறை பெரும் ரத்தப்போக்கு வந்தவருக்கு மறுமுறையும் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆகவே ரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனையில் பிரசவத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ரத்த அழுத்தச் சிக்கல் வந்தவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினைக் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே மருத்துவர் தொடங்கக்கூடும். தாமே வாங்கி உண்ணக் கூடாது.

கருப்பையை எடுத்துவிட்டார்கள். வீட்டில் ஆண் வாரிசு பற்றிப் பேச்சு எழுகிறது.

அந்தப் பேச்சு மனைவியின் காதுக்கு எட்டுமுன் நீங்கள் நிறுத்த வேண்டும். இதில் நடுநிலைக்கு இடமில்லை. இவ்வகை அவசர அறுவையில் சினைப்பைகளைப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள் என்பதால், மாதவிலக்கு நிற்குமே தவிர உடனே முதுமை வந்துவிடாது; இல்லற வாழ்க்கைக்கும் அது தடையாகாது. இழப்பு உங்களுக்கும் உண்டு. இரண்டு மூன்று பிள்ளைகளோடு கற்பனை செய்து வைத்திருந்த வீடு ஒன்று இல்லாமல் போய்விட்டது. அதை மனைவியோடு சேர்ந்து துக்கப்படலாம், அவரைக் காரணமாக்கி அல்ல.

டாஸ்மாக் போனால்தான் தூக்கம் வருகிறது.

மது முதல் ஓரிரு மணி நேரம் உறங்கவைத்து, பின்னிரவில் எழுப்பிவிட்டுவிடும்; மறுநாள் படபடப்பும் சோர்வும் கூடும். அதிர்ச்சி நோயும் மதுவும் சேர்ந்தால் இரண்டும் முற்றும். வழக்கமாகிவிட்டிருந்தால், நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென்று முழுவதும் நிறுத்துவதும் ஆபத்து என்பதால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதும் தீர்வாகாது.

உதவி எங்கே கிடைக்கும்? வெளியே தெரிந்துவிடுமே?

14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண், 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. தமிழிலேயே எந்நேரமும் பேசலாம். 104 என்ற மாநில மருத்துவ உதவி எண்ணும் உண்டு. தற்கொலை எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழையுங்கள், அல்லது அருகில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். நேரில் பார்க்க, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன; மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார்கள் என்று உங்கள் அரசு மருத்துவமனையில் கேட்கலாம். பகுதிச் செவிலியரிடம் சொன்னாலும் வழிகாட்டுவார். அவர் மனைவியையும் குழந்தையையும் பார்க்க வரும் நாளே அதற்கு ஏற்ற நாள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

சிகிச்சை என்றால் வாழ்நாள் முழுவதும் மாத்திரை என்று அஞ்ச வேண்டாம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு வழிச் சிகிச்சையே இந்த நோய்க்கு முதன்மையானது. தேவையானால் சில மாதங்கள் மருந்தும் சேரும். திருக்கருகாவூர் அம்மனுக்கு நெய் தீபம் ஏற்றுவதும், வேளாங்கண்ணிக்கோ நாகூர் தர்காவுக்கோ போய் நேர்ந்ததைச் செலுத்துவதும் மனத்துக்கு வலுத் தருமானால் செய்யுங்கள். அவற்றைச் செய்துகொண்டே மருத்துவரையும் பாருங்கள்.

விடுப்பும் பணமும் என்ன செய்வது?

மத்திய அரசில் பணிபுரியும் ஆண்களுக்கு, உயிருடன் உள்ள பிள்ளைகள் இருவருக்குக் குறைவாக இருந்தால், 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறையில் தந்தையருக்கு விடுப்பு தரச் சட்டக் கட்டாயம் இல்லை. மகப்பேறு நலனுக்கான சட்ட விதிகள் பெண்களுக்கு மட்டுமே உரியவை. நாற்று நடும் கூலியாளுக்கும், சம்பா அறுவடைக்கு இயந்திரம் ஓட்டுபவருக்கும் விடுப்பு என்ற பேச்சே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்ற நாட்களெல்லாம் கூலி போன நாட்கள். அரசு மருத்துவமனையில் பிரசவமும், சிசேரியனும், மருந்தும், ரத்தமும் இலவசம். தனியார் மருத்துவமனையில் சேர்த்து நகையை அடகு வைத்திருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் எந்தச் செலவுக்குப் பொருந்தும் என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் வீட்டுக்குப் புறப்படுமுன்பே கேட்டுவிடுங்கள். கடன் சுமையை மனைவியிடம் மறைத்து வட்டி கட்டுவது, மனச்சோர்வை விரைவுபடுத்தும் வழிகளில் ஒன்று.

நண்பருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. அவரிடம் என்ன பேசுவது?

தாயும் சேயும் நலமா என்று எல்லோரும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று நீங்கள் கேளுங்கள், விடை வரும்வரை உட்கார்ந்திருங்கள். ஆம்பிளை அழலாமா என்று சொல்லாதீர்கள். அவர் சொல்ல விரும்பாவிட்டால் தோண்டித் துருவவும் வேண்டாம். கட்டாயப்படுத்திப் பேசவைப்பது நன்மை செய்யாது. ரத்தம் கொடுப்பது, மருத்துவமனைக்குச் சோறு கொண்டுபோவது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருவது போன்ற உதவிகளை, கேட்கக் காத்திராமல் செய்யுங்கள்.

குழந்தையின் முதல் பிறந்தநாள் நெருங்குகிறது. எல்லோரும் கொண்டாடப் பேசுகிறார்கள்; எனக்கு மட்டும் பழைய கலக்கம் திரும்புகிறதே?

அந்த நாள் பிள்ளை பிறந்த நாளாகவும் மனைவி சாகக் கிடந்த நாளாகவும் ஒருசேர இருப்பதால், அந்த வாரத்தில் தூக்கம் கெடுவதும் காட்சிகள் திரும்புவதும் எதிர்பார்க்கக் கூடியவையே. பெரும்பாலும் நாள் கடந்ததும் தணியும். மனைவிக்கும் அதே கலக்கம் இருக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் அதே தேதியில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரம் தள்ளி நல்ல நாள் பார்த்து வைத்துக்கொண்டு, பிறந்தநாளை வீட்டோடு சிறிதாக முடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் அந்த வாரத்துக்கு முன்பாகவே ஆலோசகரைச் சந்திக்க நேரம் வாங்கி வைப்பது நல்லது. சிகிச்சைக்கே போகாதவருக்கு, இரண்டு மூன்று வாரம் கடந்தும் கலக்கம் தணியவில்லை என்றால், ஓராண்டு கழிந்துவிட்டதே என்று தயங்காமல் போவதற்கு அதுவே சரியான நேரம்.